பெரியவள் கேட்டு வாங்கிய காடு

பெரியவளுக்குப் பொறாமைக் குணம் உண்டு என்று யாராவது சொன்னால் அவள் சண்டைக்கு வந்துவிடுவாள். "எனக்கா? யாரு மேல? எதுக்கு?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். தன்னிடம் இருப்பது நியாய உணர்ச்சி என்பது அவளுடைய கட்சி. ஒருத்தருக்குக் கிடைத்தது இன்னொருத்தருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பதில் என்ன தப்பு? தப்பே இல்லை. ஆனால் அந்த 'ஒருத்தர்' எப்போது பார்த்தாலும் அவளுடைய ஓரகத்தியாகவே இருப்பதைத்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ஓரகத்தியை வீட்டில் சின்னவள் என்பார்கள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான். அடுப்பு ஒன்று, துணி காயப்போடும் கயிறும் ஒன்று. அந்தக் கயிற்றில் சின்னவள் போட்ட துணி மட்டும் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்று பெரியவள் பல வருடமாகக் கவனித்து வந்திருக்கிறாள். டீ விஷயமும் அப்படித்தான். அதே தூள், அதே பால், அதே பாத்திரம். பெரியவளின் புருஷன் பஞ்சர் கடை வைத்திருப்பவர். டயருக்குக் கொடுக்கிற காற்றில் பாதிகூடப் பேச்சுக்குச் செலவழிக்க மாட்டார். அப்படிப்பட்ட மனுஷன் சின்னவள் போட்ட டீயைக் குடித்துவிட்டு "ம்" என்பார். தன் கையால் போட்ட டீக்கு அந்த "ம்" இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை என்று பெரியவள் சத்தியம் செய்வாள்.

சின்னவளின் புருஷன் வேன் ஓட்டுகிறான். இரண்டு பெண் குழந்தைகள். பெரியவள் தன் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டதால் அந்த இரண்டும் அவள் மடியிலேயேதான் வளர்கின்றன. காலையில் தலை பின்னிவிடுவது அவள்தான், சாயங்காலம் பாடம் கேட்பது மாதிரி பாவனை செய்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் அவள்தான். "பெரியம்மா, பெரியம்மா" என்று அவை சுற்றிச் சுற்றி வரும். ஆனால் கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் "அம்மா" என்று கத்திக்கொண்டு சின்னவளிடம்தான் ஓடும். பெரியவள் அதையும் கணக்கில் வைத்துக்கொண்டாள்.

இருவருக்கும் வேலை ஒரே இடத்தில், ஊருக்கு வெளியே இருக்கிற சோதனைப் பண்ணையில். சுற்றுச்சுவர், இரும்பு கேட், உர மூட்டைகளின் வாடை அடிக்கிற ஸ்டோர் ரூம், எடைபோடுகிற தகரக் கொட்டகை, அதைத் தாண்டினால் பாத்தி பாத்தியாக மக்காச்சோளம். ஒவ்வொரு பாத்தியின் மூலையிலும் பெயின்ட் அடித்த முளைகள் நட்டிருப்பார்கள். பெரியவள் அங்கே சேர்ந்து தலை நரைத்துவிட்டது. களை எடுப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. கோரையைக் கிழங்கோடு பிடுங்குவாள். மண்ணை உதறிவிட்டுப் போடுகிற வேகத்தில் பக்கத்து வரிசைக்காரி பாதி வரிசையில்தான் இருப்பாள். சின்னவளைக் கையைப் பிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டதும் அவள்தான். இரண்டாவது பெண் பிறந்து வேன் வருமானம் பற்றாமல் போனபோது, "எங்கூட வா, நான் பார்த்துக்கறேன்" என்றாள். அந்த நாளை நினைத்துத் தன் வாயைத் தானே அடித்துக்கொள்ளலாமா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறாள்.

ஏனென்றால் சின்னவள் வந்த கொஞ்ச நாளிலேயே ஆபீசரம்மா, "அந்தச் சின்னவங்களைக் கூப்பிடுங்க" என்று ஆரம்பித்துவிட்டார். முளையில் நம்பர் எழுத, சாம்பிள் பையைக் கட்ட, எல்லாவற்றுக்கும் சின்னவள். அவள் எதையும் கேட்டு வாங்கவில்லை. கூப்பிட்டால் போவாள், முடித்துவிட்டு வருவாள். கேட்காமலே கிடைப்பதைப் போல வயிற்றெரிச்சலைக் கிளப்புவது வேறு ஒன்றும் இல்லை.

பெரியவளுக்கு அந்தப் பண்ணையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மேஸ்திரியின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்குகிற விசில். அதை ஊதினால் வேலை தொடங்கும், ஊதினால் சாப்பாடு, ஊதினால் வீட்டுக்குப் போகலாம். ஒரு ஊதலில் இத்தனை பேர் குனிவதையும் நிமிர்வதையும் வருடக்கணக்காகக் குனிந்துகொண்டே கேட்டு வந்தவள் அவள். மேஸ்திரி சும்மா வைத்துவிட்டுப் போன விசிலை ஒருநாள் யாரும் பார்க்காதபோது எடுத்துத் தன் கழுத்தில் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஊதவில்லை. கனம் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்தாள்.

அந்த மேஸ்திரி, விதைப்புக்கு முன்னால் ஒரு காலையில், தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டார். "இந்த சீசனோட நான் கிளம்பறேன். முதுகு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. அடுத்த மேஸ்திரி யாருன்னு மேடம்தான் முடிவு பண்ணுவாங்க. உங்க ரெண்டு பேருல ஒருத்தர்னு சொல்லியிருக்காங்க."

ரெண்டு பேரில் ஒருத்தர்! பெரியவளுக்குக் காதில் புகை வராத குறைதான். இருக்கிறதே ஒரே ஆள், அதில் ரெண்டாவது எங்கே முளைத்தது?

ஆபீசரம்மா வந்தார். இளவயதுக்காரி, தொப்பி, ரப்பர் பூட்ஸ், கையில் எப்போதும் ஒரு அளவு டேப். களை எப்போது வந்தால் மக்காச்சோளத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்று பார்ப்பதுதான் இந்த சீசன் சோதனை. சில பாத்திகளில் கடைசிவரை களையே இருக்கக் கூடாது, சில பாத்திகளில் கடைசிவரை களையைத் தொடவே கூடாது. அவற்றை மற்ற பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். நடுவில் இரண்டு வகை. நீல முளை அடித்த பாத்திகளில் முதல் ஒரு மாதம் களையை விட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு சுத்தமாகப் பிடுங்கி அறுவடைவரை துளி புல் இல்லாமல் வைத்திருக்க வேண்டும். சிவப்பு முளைப் பாத்திகளில் அதற்கு நேர்மாறு: முதல் ஒரு மாதம் சுத்தம், அப்புறம் அறுவடைவரை கை வைக்கக் கூடாது.

"ஆளுக்கொரு கலர். நான் சொன்னதை மட்டும் செய்யணும். சொல்லாததைச் செய்யக் கூடாது. அதைத்தான் நான் பார்ப்பேன்" என்றார் ஆபீசரம்மா.

"பெரியவ முதல்ல எடுக்கட்டும், சீனியர் இல்லையா?" என்றார் மேஸ்திரி.

பெரியவள் யோசித்தாள். அவள் யோசிப்பதைப் பார்த்தால் ஏதோ நகைக்கடையில் நிற்பதுபோல இருந்தது. வெளியூர் ஆட்கள் காரில் வந்து பார்வையிடுவது எப்போது? கடைசியில். எடை போடுவது எப்போது? கடைசியில். அந்தக் கடைசி நேரத்தில் எந்தப் பாத்தி பளிச்சென்று இருக்கும்? நீலம். எந்தப் பாத்தி பாம்பு அடைகிற மாதிரி புதர் மண்டிக் கிடக்கும்? சிவப்பு. முதல் மாதத்தில் என்ன நடந்தது என்று எவன் ஞாபகம் வைத்திருப்பான்? குஞ்சுப் பயிருக்குக் கொஞ்சம் களை இருந்தால் என்ன, பிறகுதான் மூணு மாதம் தன் கை படப்போகிறதே! இந்தக் கணக்கெல்லாம் போட்டுவிட்டு, கூடவே சின்னவள் புதருக்குள் திருதிரு என்று நிற்பதையும் கண்ணால் கண்டு ரசித்துவிட்டு, "எனக்கு நீலம்" என்றாள்.

சின்னவள், "சரிக்கா, எனக்கு எதுன்னாலும் ஒண்ணுதான்" என்றாள். இந்த 'எதுன்னாலும் ஒண்ணுதான்' என்கிற பேச்சைக் கேட்டாலே பெரியவளுக்கு எரியும்.

விதை முளைத்தது. கூடவே கோரை, அறுகு, சாரணை எல்லாம் அழைக்காத விருந்தாளிகள் மாதிரி வந்து உட்கார்ந்தன. சின்னவள் தன் சிவப்பு முளைப் பாத்திகளில் வெயிலில் குந்தி உட்கார்ந்து கொத்தினாள், பிடுங்கினாள், மறுபடி முளைத்ததை மறுபடி பிடுங்கினாள். பெரியவளுக்கோ நீலத்தில் வேலையே கிடையாது; அவளை ஸ்டோரில் சாக்கு தைக்கச் சொன்னார்கள். நிழலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே சின்னவளின் முதுகு வியர்வையில் நனைவதைப் பார்த்தாள். உச்சி குளிர்ந்தது.

ஆனால் தன் பாத்தி வழியாகப் போகும்போது மட்டும் கை நமநமத்தது. பயிர் தெரியாமல் களை நிற்பதை வாழ்நாளில் அவள் பார்த்துச் சும்மா போனதில்லை. ஒரு சாரணைச் செடி வரப்பில் பரப்பிக்கொண்டு கிடந்தது. அதைக் காலால் மிதிக்கலாமா என்று நினைத்து, அதுகூடக் கூடாது என்று தாண்டிப் போனாள். விசிலுக்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு மாதம் முடிந்தது. ஆபீசரம்மா தலையசைத்ததும் பெரியவள் நீலப் பாத்திகளுக்குள் இறங்கினாள் பாருங்கள், பசித்தவள் பந்திக்கு ஓடுகிற மாதிரி. மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் களை எல்லாம் குவியலாக வெளியே கிடந்தது. மண், சீப்பால் வாரிவிட்ட தலைபோல வரி வரியாகத் தெரிந்தது. மேஸ்திரியே வந்து நின்று, "கைன்னா இது கை" என்றார். பெரியவள் அதைச் சின்னவளுக்குக் கேட்கிற மாதிரி, "என்ன சொன்னீங்க மேஸ்திரி? காதுல விழல" என்று இன்னொரு தடவை சொல்ல வைத்தாள்.

சின்னவள் அன்றோடு களைக்கொத்தியை ஸ்டோரில் வைத்துவிட்டாள். சிவப்புப் பாத்திகளில் புல் தலைகாட்டத் தொடங்கியது. பெரியவள் வீட்டில் அடுப்படியில் நின்றுகொண்டு, உருகி உருகி அனுதாபப்பட்டாள்.

"பாவம்டி நீ. அவ்ளோ பாடுபட்டு சுத்தம் பண்ணின. இப்ப பாரு, மாடு மேயுற காடு மாதிரி ஆயிடுச்சு. பார்க்கவே மனசு கேக்கல."

"அதுதானேக்கா சோதனை. நம்மளை விடச் சொன்னாங்க, விட்டாச்சு" என்றாள் சின்னவள், குழந்தையின் சட்டைப் பட்டனைத் தைத்துக்கொண்டே.

அந்த மாதம் பெரியவளுக்குச் சந்தோஷமாகத் தூக்கம் வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

மக்காச்சோளம் உயர்ந்துகொண்டு வந்தபோது முதலில் நிறத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. சின்னவளின் பாத்தியில் பயிர் கருகரு என்று பச்சையாக, தண்டு பெருவிரல் மொத்தத்துக்கும் மேலாக, இலை அகலமாக நின்றது. அடியில் புல் இருந்ததுதான். ஆனால் மேலே இலைகள் கூரை போட்டதில் வெயில் கிடைக்காமல் வெளுத்துச் சோம்பிக் கிடந்தது. பெரியவளின் பாத்தியில் பயிர் நெட்டையாக இருந்தது, ஆனால் ஒல்லி. காற்றடித்தால் சாய்ந்துவிட்டு நிமிர யோசித்தது. கீழ் இலைகள் மஞ்சள் தட்டின. தரை மட்டும், சொன்னால் நம்பமாட்டீர்கள், சோறு கொட்டிச் சாப்பிடலாம்.

பெரியவள் இன்னும் சுத்தம் செய்தாள். களையே இல்லாத இடத்தில் களை எடுத்தாள். விசிலுக்கு முன்னால் வந்து கொத்தினாள், சாப்பாட்டு நேரத்தில் கொத்தினாள், பயிரின் காலடி வரைக்கும் ஆழமாக மண்ணைக் கிளறினாள். சின்னவள் ஒருநாள் வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, அவ்ளோ கிட்டக்கக் கொத்தாதீங்க. மேல்வேர் அறுபட்டுப் போவுது பாருங்க, வெள்ளையா தெரியுது."

"ஏன், என் பாத்தி சுத்தமா இருக்கறது உனக்குப் பொறுக்கலையா?"

சின்னவள் வரப்பைவிட்டு இறங்கிப் போய்விட்டாள். பெரியவள் முன்னைவிட ஆழமாகக் கொத்தினாள்.

கதிர் பிடித்தது. சிவப்புப் பாத்தியில் ஒவ்வொரு செடியிலும் கதிர் கைக்குழந்தைபோலக் கொழுகொழு என்று இடுப்பில் உட்கார்ந்தது. நீலத்தில் சில செடிகளில் கதிரே இல்லை. இருந்தவையும் விரல் மாதிரி. பெரியவள் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் சின்னவளின் கதிர்களைக் கண்ணாலேயே உரித்துப் பார்ப்பாள். சோறு இறங்கவில்லை. சின்னவள் சிரித்தால் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றியது. சிரிக்காவிட்டால், சிரிப்பை அடக்குவதாகத் தோன்றியது. புதருக்குள் நிற்கிற பயிர் இப்படி விளைகிறது என்றால் அதில் ஏதோ தில்லுமுல்லு இருக்க வேண்டும். யோசிக்க யோசிக்க ஒரே ஒரு வழிதான் தெரிந்தது: ஸ்டோர் சாவி சின்னவளிடம் அடிக்கடி வந்து போகிறது, ஸ்டோரில் யூரியா இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டுமா?

புருஷனிடம் சொன்னாள். "உங்க தம்பி பொண்டாட்டி உரம் திருடிப் போடறா."

அவர் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். "பார்த்தியா?"

"பார்த்தாத்தான் தெரியணுமா?"

"ம்" என்றார் அவர். டீக்குக் கிடைக்காத "ம்" இப்போது கிடைத்தது. அதை அவள் ஆமோதிப்பு என்றே எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் நேராக ஆபீசரம்மாவிடம் போனாள். "மேடம், நான் குடும்பத்துக்காரின்னு பார்க்கக் கூடாது. நியாயம்னு ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினாள். ஆபீசரம்மாவின் முகம் மாறியது. ரகசியமாக உரம் போட்டிருந்தால் இந்த சீசன் சோதனையே வீண். எல்லோரையும் எடைக் கொட்டகைக்கு வரச் சொன்னார். மேஸ்திரி தர்மசங்கடத்துடன் சின்னவளைப் பார்த்து, "ஏம்மா, அந்தப் பையைக் கொஞ்சம்..." என்றார்.

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். சாப்பாட்டு டப்பா, ஒரு சீப்பு, தலைவலித் தைலம், பெண்ணின் அறுந்துபோன செருப்பு ஒன்று. அவ்வளவுதான். பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தாள். யார் சொன்னது என்று கேட்கவில்லை. பெரியவளைப் பார்க்கவும் இல்லை.

ஆபீசரம்மா பாத்தியில் இறங்கி மண்ணைக் கிளறிப் பார்த்தார், இலையைக் கிள்ளிப் பார்த்தார், ஸ்டோரில் மூட்டையை எடை போட்டுப் பார்த்தார். எதுவும் குறையவில்லை. பிறகு சிவப்பில் ஒரு செடி, நீலத்தில் ஒரு செடி, இரண்டையும் வேரோடு தோண்டி எடுத்து, கழுவி, தார்ப்பாயில் போட்டார். சின்னவளின் செடிக்கு வேர் கூடைபோலப் பரந்திருந்தது. பெரியவளின் செடிக்கு நாலு நூல் தொங்கியது, அதிலும் பாதி கொத்தியில் அறுபட்டது.

"இங்க உரமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் ஆபீசரம்மா. "மக்காச்சோளம் சின்னதா இருக்கும்போதே பக்கத்துல பச்சை நிக்குதுன்னு தெரிஞ்சுக்கும். களையோட இலையில பட்டு வர்ற வெளிச்சமே வேற மாதிரி இருக்கும், அதுலயே அதுக்குத் தெரிஞ்சுடும். தண்ணிக்கும் சத்துக்கும் சண்டை வர்றதுக்கு முன்னாடியே, அதைத் தாண்டி உசரமா போயிடணும்னு விறுவிறுன்னு மேல போகும். வேர் விடுறதை மறந்துடும். ஒரு மாசம் கழிச்சு நீங்க களையை எவ்ளோ சுத்தமா எடுத்தாலும் போனது போனதுதான். அவங்களோடது முதல் மாசம் நிம்மதியா வளர்ந்துச்சு. அப்புறம் வந்த களையால அதை ஒண்ணும் பண்ண முடியல."

பெரியவளின் முகத்தில் ஈயாடவில்லை. "அப்போ தோக்குற காட்டையா எனக்குக் குடுத்தீங்க?"

"நீங்கதானேம்மா எடுத்தீங்க? தோக்குறது ஜெயிக்கிறதுன்னு இதுல எதுவும் இல்லையே. நீலத்துல விளைச்சல் எவ்ளோ குறையுதுன்னு பார்க்கறதுதான் என் வேலையே."

பெரியவள் அந்த வேரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயிரைப் பற்றி ஆபீசரம்மா சொன்னது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. முட்டாப் பயிர், உன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருப்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் எதற்கு வேடிக்கை பார்த்தாய் என்று அதன்மேல்தான் கோபம் வந்தது.

அன்று சாயங்காலம் இருவரும் ஒரே வழியில்தான் வீட்டுக்குப் போக வேண்டும். சின்னவள் முன்னால் நடந்தாள், பெரியவள் பின்னால். வீட்டில் சின்னவள் வழக்கம்போல டீ போட்டு வைத்தாள். பெரியவளுக்கும் வைத்தாள். "டீ இருக்கு" என்றாள், "அக்கா" சேர்க்காமல். கொழுந்தன் வந்ததும் அறைக்குள் கொஞ்ச நேரம் தாழ்ந்த குரலில் பேச்சுக் கேட்டது. பெரியவள் சுவரில் காதை வைக்காத குறையாக நின்றும் ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் கொழுந்தன் "வரேன் அண்ணி" என்று சொல்லாமலே வேனை எடுத்துக்கொண்டு போனான். சில நாளில் "அக்கா" திரும்பி வந்தது. அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று பெரியவள் முடிவுகட்டிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை வாயெடுத்தாள். இரண்டு தடவையும் சின்னவள் நிம்மதியாக வேலை செய்துகொண்டிருப்பதைப் பார்த்ததும், 'இவளுக்கு என்ன குறைச்சல்' என்று தோன்றி வாய் மூடிக்கொண்டது.

அறுவடை வந்தது. தகரக் கொட்டகையில் கதிர்களை உரித்துக் குவித்தார்கள். சின்னவளின் குவியல் இடுப்பு உயரம். பெரியவளின் குவியல் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிட்டது. கார் ஆட்கள் வந்தார்கள். பெரியவள் அன்று நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவர்கள் அவளுடைய பளிச்சென்ற பாத்தியைப் பார்த்து, "இதுதான் நஷ்டமான பாத்தியா?" என்று கேட்டு, அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். விசில் போயிற்று என்று பெரியவள் நினைத்தாள். சின்னவளின் கழுத்தில் அந்தக் கறுப்புக் கயிறு தொங்குவதை நினைத்துப் பார்த்தபோது அடிவயிற்றில் கொள்ளி வைத்ததுபோல இருந்தது. வேலையை விட்டுவிடலாம், புருஷனோடு உட்கார்ந்து டியூப் ஒட்டலாம் என்றுகூட நினைத்தாள்.

கடைசி எடை முடிந்த மத்தியானம் ஆபீசரம்மா எல்லோரையும் நிறுத்தி வைத்தார். மேஸ்திரி விசிலைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"கொத்து கொஞ்சம் ஆழமா போனதைத் தவிர, ரெண்டு பேரும் சொன்னதைச் சொன்னபடி செஞ்சாங்க" என்றார் ஆபீசரம்மா. "ஆனா கை சும்மா இருக்காதவங்க ஒரு மாசம் களையைத் தொடாம இருக்கறது லேசு இல்ல. அப்புறம், ஒரு சந்தேகம் வந்ததும், சொந்தக்காரங்கன்னுகூடப் பார்க்காம வந்து சொன்னாங்க. சந்தேகம் தப்புதான். இருந்தாலும் மேஸ்திரிக்கு அந்தக் கண்ணு வேணும். பெரியம்மா, வாங்க."

கேட்டீர்களா? இத்தனை நாள் சோறு தூக்கம் இல்லாமல் அவள் பட்ட வயிற்றெரிச்சலுக்கு ஆபீசரம்மா வைத்த பெயர் பொறுப்பு! பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. குனிந்தாள், மேஸ்திரி கயிற்றை மாட்டிவிட்டார். பெண்கள் கைதட்டினார்கள். அவள் நிமிர்ந்ததும் செய்த முதல் காரியம் சின்னவளின் முகத்தைத் தேடியதுதான். அதில் கொஞ்சம் கசப்பு, ஒரு துளி எரிச்சல், உதட்டில் ஒரு சுழிப்பாவது வேண்டும். அதைப் பார்த்தால் போதும், பட்டதெல்லாம் ஆறிவிடும்.

சின்னவள் கைதட்டிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கதிரின் நார் ஒட்டியிருந்தது. அவள் முகத்தில் பெரியவள் தேடியது எதுவும் இல்லை. மறைத்துவைத்தது மாதிரியும் இல்லை. பெரியவள் அந்த முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள். இத்தனை வருடமும் தான் ஓடிய பந்தயத்தில் இன்னொரு ஆள் ஓடவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எரிந்தது.

சாயங்காலம் அவள் முதல் விசிலை ஊதினாள். குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள், கை கால் கழுவப் போனார்கள். சின்னவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நேராக அவளிடம் வந்தாள்.

"அக்கா, நாளைக்கு எனக்கு அரை நாள் லீவு வேணும்."

லீவு கேட்கிறாள்! தன்னிடம்! பெரியவள் மேஸ்திரிக் குரலை வரவழைத்துக்கொண்டு, "எதுக்கு?" என்றாள்.

"சாவி வாங்கணும். வீடு பார்த்திருக்கோம்."

"யாருக்கு வீடு?"

"எங்களுக்குத்தான்." சின்னவள் குரலை உயர்த்தவில்லை. "பையைக் கொட்டச் சொன்னாங்களே, அன்னைக்கே அவரு முடிவு பண்ணிட்டாருக்கா. அறுவடை முடியட்டும், பாதியில விட்டுட்டுப் போறது நல்லா இருக்காதுன்னு நான்தான் சொல்லி நிறுத்தி வெச்சேன். பிள்ளைங்க பள்ளிக்கூடமும் அங்கிருந்து பக்கம்."

காலையில் தலை பின்ன யார் வருவார்கள்? சாயங்காலம் மடியில் யார் வந்து விழுவார்கள்? ஒரு கப் டீ போட்டால் அதை வைத்து ஒப்பிட இன்னொரு கப் எங்கே இருக்கும்? போகாதேடி என்று சொல்ல வேண்டும். நான்தான் சொன்னேன், புத்தி கெட்டுப் போய்ச் சொல்லிவிட்டேன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடாதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். அத்தனையும் தொண்டை வரைக்கும் வந்தன. சின்னவளும் நின்றாள். ஏதாவது சொல்வாள் என்று கொஞ்ச நேரம் காத்துக்கொண்டுதான் நின்றாள்.

"எத்தனை ரூமு?" என்று கேட்டாள் பெரியவள்.

சின்னவள் அவளையே பார்த்தாள். "ரெண்டு ரூமுக்கா."

"கீழயா, மாடியா?"

"மாடி."

பெரியவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. வயிறும் எரிந்தது.

"மாடின்னா காத்து நல்லா வருமே" என்றாள்.